சுங்கை சிப்புட் வாரம்: தம்பி தியானம் பழகிய கதை

வெள்ளி, இரவு

கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறும்போதே மழை. ஈப்போ வந்ததும் பாதிப் பெட்டி காலியாகிவிட்டது. அங்கிருந்து சுங்கை சிப்புட் கொஞ்ச நேரம்தான், சுண்ணாம்புக் குன்றுகள் இருட்டில் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் அதற்கு நடுவே இருந்த விளக்குகளும். தம்பி மோட்டாரோடு நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தான். தம்பி என்றால் சின்னம்மா மகன், ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

தீபாவளி முடிந்த வாரம் என்பதால் வீட்டில் முறுக்கு டின்கள் இன்னும் தீரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டாசும் தீரவில்லை. சின்னம்மா இப்போது இருப்பது தாமான் வீடு, அதாவது குடியிருப்புப் பகுதி வீடு. தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர், போய் செம்பனை வந்து, வேலைக்கு வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வந்து, லயத்து வீடுகள் இடிபட்ட பிறகு பக்கத்துக் குடும்பங்கள் பலவும் இங்கேதான் வந்து சேர்ந்தன. ஆனாலும் “தோட்டத்துக்கு எப்ப வர்ற?” என்றுதான் இன்னும் கேட்பார்.

நான் வந்ததற்குக் காரணம், தம்பி அனுப்பிய ஒரு வாட்சப்: “அண்ணே, தியானம் எனக்கு ஒத்துவராது போல.” கிளினிக்கில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறை, நட, மனத்தை அமைதியாக வைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டும் புரிகிறது, மூன்றாவதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கைபேசியில் ஏதோ செயலி இறக்கி, அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசுவதைக் கேட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான், பிறகு விட்டுவிட்டான். நான் சில வருடமாகத் தினமும் உட்காருகிறவன், அவ்வளவுதான். குரு பட்டம் யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் அவனுக்குச் சொன்னது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, இது அதற்குப் பதில் கிடையாது.

“நாளைக் காலையில எத்தனை மணிக்கு?” என்றான். பல் விளக்கிவிட்டு, கோப்பி குடிப்பதற்கு முன்னால் என்றேன். மணி சொல்லவில்லை, ஏன் என்று அவன் கேட்கவும் இல்லை.

சனி

விடிவதற்கு முன்பே சுரா என்ற சின்னத் தொழுகை இடத்திலிருந்து பாங்கு. அது முடிந்ததும் சேவல். கொஞ்ச நேரத்தில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. அப்புறம் செம்பனைக் குலை ஏற்றப் போகிற லோரி ஒன்று கியர் மாற்றத் தெரியாமல் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி உறுமியது. அமைதி வேண்டும் என்றால் தோட்டத்துப் பக்கம் போ என்று கிள்ளானில் எனக்கு அறிவுரை சொன்னவர்கள் இந்தப் பக்கம் ஒரு நாளும் விடிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தம்பி ஹாலில் பாயைப் போட்டு, படத்தில் வரும் முனிவர் மாதிரி பத்மாசனம் போட முயன்றுகொண்டிருந்தான். யாரிடம் கேட்டாலும் தியானம் என்றதும் இந்த உருவம்தான் வருகிறது, புதிதாக வருகிறவர்களைப் பாதிப் பேரை ஓட வைப்பதும் இதுதான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் சுருங்கியது, அப்புறம் ஒரு காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மரத்துவிட்டது. ரத்தம் ஓடாமல் கால் கெட்டுப்போகுமோ என்று பயம். பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால் வருவது இது, எழுந்து காலை நீட்டினால் சுருக்சுருக்கென்று குத்தி சரியாகிவிடும். மரத்த காலோடு உடனே எழுந்து நடக்கப் போய் விழாமல் இருந்தால் போதும். ஆனால் முட்டியில் கூர்மையான வலி வந்தால் அது வேறு. அதைப் பொறுத்துக்கொண்டு உட்காருவதில் எந்தப் புண்ணியமும் கிடையாது. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டேன். பாதம் இரண்டும் தரையில், முதுகு சாயாமல், கை தொடையில். “நாக்காலியில உக்காந்தா அது தியானமாண்ணே?” என்றான். மூச்சுக்கு நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியாதுடா என்றேன்.

மூச்சு மூக்கு நுனியில் உள்ளே போவதும் வெளியே வருவதும், வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வந்ததும் மறுபடி ஒன்று. இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடம். முடிந்ததும் அவன் முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் தோற்ற பிள்ளை முகம். நான்கைத் தாண்டவே முடியவில்லையாம். ஒருமுறை எண்ணிப் பார்த்தால் பதினேழில் இருந்தானாம், எப்படி அங்கே போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. சூப்பர்வைசர் சொன்னது, மோட்டாருக்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி) கட்ட வேண்டியது, நேற்று சாப்பிட்ட ஆட்டுக்கறி, எல்லாம் வந்து போயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விடுகிறார்கள். “மனசு நிக்கல, அதனால எனக்கு வராது.” மனம் நிற்பது ஆரம்பத்தில் யாருக்கும் கிடையாது. 2010இல் சயன்ஸ் இதழில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்று ஹார்வர்டைச் சேர்ந்த இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் செய்தி அனுப்பி, இப்போது என்ன செய்கிறாய், எதை நினைக்கிறாய் என்று கேட்டார்கள். வந்த பதில்களில் 46.9 விழுக்காட்டில் ஆள் செய்துகொண்டிருந்தது ஒன்று, மனம் இருந்தது வேறெங்கோ. சும்மா நாளிலேயே நம்மில் பாதி நேரம் இப்படித்தான் போகிறது. கண்ணை மூடிய பத்து நிமிடத்தில் மட்டும் அது அடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

தம்பியிடம் கேட்டேன், பதினேழில் இருக்கிறோம் என்று தெரிந்ததே, அப்போது என்ன செய்தாய்? “ச்சே என்று ஆகிவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.” அந்த ‘ச்சே’யை மட்டும் விட்டுவிடு, மீதி நீ செய்ததுதான் பயிற்சி என்றேன். போனது தெரிந்து திரும்பி வருவது. பத்து நிமிடத்தில் அம்பது தடவை திரும்பினால் அம்பது தடவை பழகியிருக்கிறான். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை, முறுக்கு எடுக்கப் போய்விட்டான்.

ஞாயிறு

காலையில் தம்பி தூங்கிவிட்டான். நாற்காலியிலேயே. தலை மெதுவாக இறங்கி, சட்டென்று நிமிர்ந்து, மறுபடி இறங்கி. சின்னம்மா சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவன் போன வாரம் முழுக்க இரவு ஷிப்ட். உடம்புக்குத் தூக்கம் கடன் பாக்கி இருக்கிறது, கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்தால் அது கிடைத்த இடத்தில் வசூலிக்கப் பார்க்கும். இதில் மன உறுதியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. தூக்கம் வந்தால் போய்த் தூங்கச் சொன்னேன், மதியம் வரை தூங்கினான். தூங்கி எழுந்தும் உட்கார்ந்தால் அசத்துகிறது என்றால் அப்போது செய்து பார்க்கச் சில வழிகள் உண்டு: முகம் கழுவுவது, கண்ணைப் பாதி திறந்து முன்னால் தரையைப் பார்ப்பது, எழுந்து நின்றே செய்வது. கட்டிலில் உட்கார்ந்து செய்யாமல் இருப்பது. வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் செய்யாமல் இருப்பது, இதைத் தீபாவளி வாரத்தில் ஒரு தமிழ் வீட்டில் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

மத்தியானம் சின்னம்மாவோடு பேச்சு. அவர் இருபது வருடத்துக்கு மேல் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நானூறு ஐந்நூறு மரம். எனக்கு ஒரு ஆசை, இதைக் கேட்டுவிட வேண்டும் என்று. இருட்டில் தனியாக, ஒரே வேலையை மரத்துக்கு மரம் திரும்பத் திரும்பச் செய்வது, அதுவே ஒரு தியானம் மாதிரி இருந்திருக்குமே சின்னம்மா?

“தியானமா? போடா. அட்டை எங்க ஏறுதுன்னு பாக்கணும், பாம்பு கெடக்கான்னு பாக்கணும், கங்காணி எங்க நிக்கிறாருன்னு பாக்கணும், மழை வந்துரக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கணும், பால் மங்கு கவுந்து கெடந்தா நிமித்தணும், வீட்ல இவன் அழுவானேன்னு ஒரு நெனப்பு. இதுல தியானம் எங்கேருந்து வரும்?”

உழைக்கிறவர்களின் களைப்பைத் தூரத்தில் இருந்து பார்த்து அதற்கு ஆன்மிகப் பொட்டு வைக்கும் பழக்கம் நம் எழுத்தில் நிறைய உண்டு. சின்னம்மா ஒரே மூச்சில் அதைத் துடைத்துவிட்டார். கவனமாக வேலை செய்வது வேறு, பயத்தோடு கவனமாக இருப்பது வேறு.

ஆனால் அவருக்கு வேறொரு எண்ணம் இருந்தது, தியானமெல்லாம் சாமியார்களுக்கு, நமக்குக் கோயிலும் விளக்கும் போதும் என்று. அதற்கு நான் ஒரு ஆளைச் சொன்னேன். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913இல் மலாயா வந்தார், சிரம்பான் பக்கம் தோட்ட மருத்துவமனையில் வேலை, அப்புறம் ஜொகூர். தோட்டத்து ஆட்களின் காய்ச்சலும் புண்ணும் பார்த்து, பத்து வருடம் கழித்து 1923இல் ஊர் திரும்பினார், அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் சந்நியாசம். சுவாமி சிவானந்தர். பத்துமலையில் அவர் பேரில் ஆசிரமம் இருக்கிறதே, அவர்தான். “தோட்டத்து டாக்டரா?” என்றார் சின்னம்மா, வேறெதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். வெங்காயம் உரித்த களைப்பா வேறெதுவுமா தெரியாது, நான் கேட்கவில்லை.

திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா. எண்பதைத் தாண்டிவிட்டார், உறவில்லை, ஆனால் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தாத்தா. மகன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் காலையில் என்ன செய்கிறோம் என்று விசாரித்து வந்தார், வந்தவர் உட்கார்ந்து ஒரு தே தாரிக் கேட்டு வாங்கிக் குடித்தார். கோயிலில் யாரோ வகுப்பு எடுத்தபோது தானும் போனதாகச் சொன்னார். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, எல்லாரும் கண்ணை மூடி அமைதியாக இருங்கள் என்றார்களாம். “ஒரே அமைதியா ஆயிருச்சா, எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் போவல.”

ஏன் தாத்தா என்று கேட்டேன். அவர் சொன்னதை என் வாக்கியத்தில் சுருக்குகிறேன்.

1948 ஜூன் 16ஆம் தேதி காலை, இந்த ஊரில் எல்ஃபில் தோட்டத்து அலுவலகத்தில் ஆர்தர் வாக்கர் என்ற மேனேஜரைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு வெள்ளைக்காரர்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம், அது 1960 ஜூலை கடைசி வரை நீடித்தது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். தாத்தா அப்போது பள்ளிக்கூடப் பையன். அவருக்கு நினைவில் இருப்பது ராத்திரிகள். ஊரடங்கு. லயத்தைச் சுற்றி முள்கம்பி. வேலைக்குப் போகிறவர்கள் காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று வாசலில் சோதனை. இருட்டியதும் விளக்கைச் சின்னதாக்கி, அப்பா வாயில் விரலை வைத்துக் காட்டுவார், குழந்தை அழுதால் அம்மா வாயைப் பொத்துவார். வெளியே பூட்ஸ் சத்தம் போகிறவரைக்கும் யாரும் அசையக் கூடாது. அது காட்டில் இருந்து வந்தவர்களா, பட்டாளமா என்று தெரியாது, இரண்டில் எதுவாக இருந்தாலும் பயம்தான்.

அப்படி வளர்ந்த உடம்பிடம், கதவைச் சாத்தி, இருட்டாக்கி, அசையாமல் இரு, பேசாமல் இரு என்று சொன்னால் அது வேறென்ன செய்யும்? எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த அமைதி எதைக் குறிக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

இதை நான் நீட்டி எழுதக் காரணம், தியானம் சொல்லித்தருகிறவர்கள் பலர் இந்த விஷயத்தில் கவனமாக இருப்பதில்லை. கண்ணை மூடினால் பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு. விபத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்கள், அண்மையில் யாரையாவது இழந்தவர்கள். அவர்களிடம் “பொறுத்துக்கொள், கர்மவினை கழிகிறது” என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, கொஞ்சம் ஆபத்தாகவும் படுகிறது. கண்ணைத் திற, எழுந்திரு, பாதம் தரையில் படுவதைக் கவனி, அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார், இன்றைக்குப் போதும் என்று நிறுத்து. திரும்பத் திரும்ப வந்தால், தூக்கத்தையும் கெடுத்தால், டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ போ. இதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது.

“கண்ணை மூடாம செய்யலாமா?” என்றார் தாத்தா. தாராளமாக. பிரம்மா குமாரிகள் கண்ணைத் திறந்தே செய்கிறார்கள், ஜப்பானிய ஜென் மடங்களில் பாதி திறந்து தரையைப் பார்த்து உட்காருகிறார்கள். மூச்சுதான் வேண்டும் என்பதும் இல்லை, சத்தத்தைக் கேட்கலாம். லோரி வந்தால் லோரி, போனால் போனது, பிள்ளைகள் பட்டாசு வெடித்தால் பட்டாசு. அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று வழக்கு நடத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பது.

சாயங்காலம் தெருவைப் பார்த்த மாதிரி அவர் வீட்டு ஐந்தடியில் (முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்து மூன்று பேரும் செய்து பார்த்தோம், உள்ளே மின்னல் எஃப்எம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா அதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. நடுவில் பழக்கமான ஆள் ஒருவர் மோட்டாரில் போக, கையைத் தூக்கி அவரை விசாரித்துவிட்டு மறுபடி கேட்க ஆரம்பித்தார். வயிறு கலக்கவில்லையா என்று கேட்டேன். “ரோடு தெரியுதுல்ல” என்றார்.

செவ்வாய்

தம்பிக்கு விடுமுறை, கோலகங்சார் போனோம். உபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தோம், லக்சா சாப்பிட்டோம், இவற்றை நூறு பேர் எழுதியாகிவிட்டது. நான் பார்க்க விரும்பியது மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு வைத்திருக்கும் ஒரு கித்தா மரம். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளை ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்த ஊரில் நட்டார், அதில் மிஞ்சிய மரம் இது என்று பலகை வைத்திருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டிமாரைக் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்த பயிரின் ஆரம்பம். தம்பி அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தான்.

காலையிலிருந்தே அவனுக்குத் தலைவலி. விசாரித்தால், நேற்று ராத்திரி நாங்கள் தூங்கியதும் தனியாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். புருவத்துக்கு நடுவே முழு மூச்சாகக் கவனத்தை வைத்து, வேறு எண்ணம் வந்தால் பல்லைக் கடித்துத் தள்ளி. சீக்கிரம் பலன் தெரிய வேண்டுமாம்.

மரத்தடியிலேயே நின்று, சின்னம்மா சொல்லிக் கேட்டதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். புதிதாக வெட்ட வருகிறவர்கள் ஆழமாக வெட்டினால் பால் கூடுதலாக வரும் என்று நினைத்து உளியை அழுத்துவார்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படையில் உளி பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போகும், பிறகு அங்கே ஒழுங்காகப் பட்டை சீவவே வராது. மெல்லிசாகச் சீவ வேண்டும், மறுநாள் மரத்தை விட்டுவிட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் வருடக்கணக்காக. தியானத்தில் ஒருநாள் விட வேண்டியதில்லை, மற்றபடி இதேதான். கொஞ்சமாக, தினமும். பத்து நிமிடம் கனமாகத் தெரிந்தால் ஐந்து. இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று தோன்றும்போதே எழுந்துவிடு என்றேன், நாளைக்கு உட்கார உனக்கே ஆசை வரும்.

“புருவ மத்தி?” என்றான். ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் முறைகளில் அது உண்டு, வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் முறைப்படி தீட்சை கொடுத்து, அதைச் சமன் செய்யும் பயிற்சியும் சேர்த்தே தருகிறார்கள். யூடியூபில் பார்த்துத் தனியாகச் செய்வதற்கு மூக்கு நுனியும் வயிறும் போதும்.

புதன்

மழை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்தது இருட்டிய பிறகும் விடவில்லை. காலையில் யாரும் உட்காரவில்லை, தம்பியைத் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருநாள் விட்டால் விட்டதுதான், அடுத்த நாள் இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்ட இது வட்டிக்கடை இல்லை என்று மட்டும் அவனுக்குச் செய்தி அனுப்பினேன்.

சாயங்காலம் சின்னம்மா ஒரு கேள்வி கேட்டார். அவர் இரண்டு நாளாக உட்காருகிறார் என்பது அப்போதுதான் உறுதியானது. மூச்சைப் பார்க்க ஆரம்பித்தால் மூச்சு முட்டுகிறதாம், சும்மா இருக்கும்போது தானாகப் போய்க்கொண்டிருந்தது, பார்த்ததும் நாமே இழுத்து விட வேண்டியதாகிவிடுகிறது. இது மிகப் பொதுவாக வருவது, எனக்கும் முதல் மாதங்களில் இருந்தது. மூச்சைப் பின்னால் தள்ளிவிட்டு, உள்ளங்கை தொடையில் படும் சூட்டைக் கவனிக்கலாம். இல்லை என்றால் கேட்கிற எதையாவது. வெளியே பின்கட்டுத் தகரத்தில் மழை கொட்டுகிறது, அதைக் கேளுங்கள் என்றேன். “மழை பேஞ்சா பட்டை நனைஞ்சிரும், அன்னிக்கு வெட்டு இல்ல, சம்பளம் போச்சு. இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கோவம் வரும்” என்றார். சரி, உள்ளங்கையே இருக்கட்டும் என்றேன்.

வியாழன்

தம்பி காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தான். குளித்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், அப்புறம் படுத்தான். வெள்ளிக்கிழமை நான் மணி சொல்லாமல் விட்டது இதற்காகத்தான். காலை ஐந்து மணி பிரம்ம முகூர்த்தம் என்று பிடிவாதம் பிடித்தால் வாரா வாரம் நேரம் மாறும் ஆள் என்ன செய்வான்? கடிகாரத்தை விட்டுவிட்டு, எப்படியும் தினமும் செய்கிற ஒரு காரியத்துக்குப் பின்னால் இதை ஒட்ட வைத்தால் போதும். அவனுக்குக் குளியல். சின்னம்மாவுக்கு விளக்கேற்றுவது.

கைபேசிதான் இன்னொரு தொல்லை. நேரம் பார்க்க அதையே வைத்திருக்கிறான், நடுவில் வாட்சப் குழுவில் யாரோ காலை வணக்கம் போட்டால் அது துடிக்கிறது. விமானப் பயன்முறையில் போட்டுக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். ஊதுபத்தி ஒன்று கொளுத்தி, பாதி எரிகிற வரைக்கும் உட்காரலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன், ஜென் மடங்களில் ஊதுபத்தியை வைத்துத்தான் நேரம் அளந்தார்கள். “கொசுவத்தி வெச்சுக்கவா?” என்றான். அது விடிய விடிய எரியும்டா.

மாலையில் எழுந்து வந்து அவன் கேட்டது உண்மையான கேள்வி. “அண்ணே, இது வேல செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? எனக்கு ஒளி எதுவும் தெரியல. அமைதியும் வரல. சும்மா உக்காந்து எந்திரிக்கிறேன்.”

சந்தேகம். இது வராமல் யாரும் தாண்டியதில்லை. யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஒன்பது தடைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார், நோயில் ஆரம்பித்து மந்தம், சந்தேகம், சோம்பல் என்று போய், ஒரு நிலையை எட்ட முடியாமை, எட்டியும் அதில் நிற்க முடியாமை வரைக்கும். பௌத்தத்தில் ஐந்து தடைகள் என்பார்கள். ஆசை, வெறுப்பு, தூக்க மந்தம், அலைபாய்தல், சந்தேகம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உட்காருகிற எல்லோருக்கும் இதே வரிசைதான் வந்திருக்கிறது. தம்பிக்கு இந்த வாரம் அதில் பாதி வந்துவிட்டது என்று சொன்னேன், அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒளி தெரிவது, உடம்பு மிதப்பது, இதெல்லாம் சிலருக்கு வரும், வந்தால் வந்தது, அதை வைத்து யாருக்கும் மதிப்பெண் போட முடியாது. உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்துக்குள் பலனைத் தேட வேண்டாம், மீதி நாளில் பார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். நேற்று லைனில் யாரோ தப்பு செய்ததற்கு சூப்பர்வைசர் இவனைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். வழக்கமாக இவனும் கத்துவான். “வாயத் தொறக்குறதுக்கு முன்னால, கோவம் வருதுன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான். அப்புறம் கத்துனேன், ஆனா கம்மியா.”

ஒரு வாரத்தில் இது கிடைத்தால் நல்ல கூலி. அவனிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

வெள்ளி

மதிய ரயில். சின்னம்மா ஒரு டின் முறுக்கும் நெய்யுருண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டார். நாற்காலி விஷயத்தில் வீட்டில் தகராறு, விளக்கேற்றியதும் அவர் அதில் உட்கார்ந்துவிடுகிறார், குளித்துவிட்டு வருகிறவன் நிற்க வேண்டியதாகிறது. பாசாரில் இன்னொன்று வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது. தாத்தா காலையில் வரவில்லை. சாயங்காலம்தான் தெருவில் போக்குவரத்து கூடுதல், பார்க்க நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

நிலையத்துக்குப் போகும் வழியில் தம்பி மோட்டாரை மெதுவாக ஓட்டியபடி இன்னொரு விஷயம் விசாரித்தான். தொழிற்சாலையில் யாரோ குவாந்தான் பக்கம் கம்பாங்கில் இருக்கும் விபாசனா தியான மையத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள், காசு கேட்பதில்லை, முன்பு படித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. போகலாமா?

நல்ல இடம், ஆனால் இப்போது வேண்டாம் என்றேன். விடிகாலை நாலு மணிக்கு எழுப்புவார்கள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், யாரோடும் பேசக் கூடாது. சில மாதம் வீட்டில் தினமும் உட்கார்ந்துவிட்டுப் போ. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுது. முதலில் ஈப்போவில் வாரம் ஒருநாள் வகுப்பு ஏதாவது இருந்தால் போய்ப் பார், கூட நாலு பேர் உட்கார்ந்தால் தனியாக உட்காருவதைவிடச் சுலபம்.

“பேசாம இருக்கிறது ஒண்ணும் பெரிசில்லண்ணே. போன்?”

போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடைசி நாள்தான் கொடுப்பார்கள்.

“பத்து நாளுமா?”

பத்து நாளும்.

“அப்ப நாக்காலியே போதும்” என்று சொல்லிவிட்டு நிலையத்து வாசலில் நிறுத்தினான்.